மாமாவின் வாயும் அக்காவின் தலைப்படமும்

யாராவது பேச்சை "அதாவது" என்று ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். புத்தூர் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி அப்படி ஆரம்பித்தார், நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். ஹெட்மாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்து, "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்றார். உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறது. அந்த வார்த்தைதான் ஆகாது. அது என் அக்கா புருஷனுடைய வார்த்தை.

சித்தூரில் எங்கள் சபையில் மாமாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. பேசும்போது வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார், அடுத்தவர் சொல்வதை அதில் வாங்கிக்கொள்கிற மாதிரி. வாங்கினதை அப்படியே கொடுத்திருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

குண்டூர்ப் பக்கமிருந்து தெலுங்குப் பிரசங்கியார்கள் வந்தால் மேடையில் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது அவர்தான். அவர்கள் பொறுமையைப் பற்றி இரண்டு வரி சொல்வார்கள். மாமா "அதாவது" என்று தொடங்கி, பலமனேர் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவன் ஒருத்தனைக் கொண்டுவந்து, அவன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து, அவள் அவனைத் திட்டின திட்டையும் சொல்லி முடிப்பார். சபை குலுங்கிச் சிரிக்கும். பிரசங்கியார் தான் என்ன அப்படிச் சிரிக்கிற மாதிரி சொன்னோம் என்று தெரியாமல் தன் குறிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மாமாவின் கையைத்தான் பிடித்துக் குலுக்குவார்கள்.

ஆபீஸிலும் அதே கதை. பாலசமுத்திரத்திலிருந்து தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் வந்தார். வாயைத் திறந்தாரோ இல்லையோ, "நீ சும்மா இரு நைனா, நான் பேசிக்கிறேன்" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, மாமா மேஜைக்கு மேஜை போய்ப் பேசி, ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனுக்குக் கார்டு இருக்குதுய்யா. நான் வரப்புத் தகராறுக்கு இல்ல வந்தேன்."

"இருக்கட்டும் நைனா, அதுவும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார் மாமா.

இதை அவரே வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அந்தக் காலத்தில் எல்லோரும் சிரித்தோம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே இது ஆரம்பித்துவிட்டது. அவருடைய அம்மா, "பொண்ணுக்குப் பாட்டு வருமா?" என்று கேட்டார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "அதாவது நல்லாப் பாடுவாங்க, கூச்சப்படறாங்க" என்றார். அதற்கு முன்னால் அவர் அக்காவைப் பார்த்ததுகூட இல்லை. கல்யாணமான மறு வாரமே அக்காவைப் பாடகர் குழுவில் நிறுத்திவிட்டார்கள். என் அக்கா சுகிர்தத்துக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினாள். "என்னப் பேசவே வுட மாட்டேங்குறாருடீ லில்லி" என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. நமக்காகப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைக்கிற வயசு.

நோய் வந்தது எழுபதுகளின் கடைசியில். நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தவளின் வலது கையிலிருந்து காய் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "இன்னாக்கா?" என்றேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. நான் அலறி எழுந்து தண்ணீர் கொண்டுவருவதற்குள் சரியாகிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி காயைப் பொறுக்கினாள்.

"வார்த்தையெல்லாம் உள்ளத்தான் நிக்குதுடீ, வெளிய எடுக்க வரல. கை என்னுது மாதிரியே இல்ல" என்றாள். இது முதல் தடவை இல்லை என்றும் சொன்னாள்.

டாக்டரிடம் போனோம். டாக்டர் எங்கள் சபைக்காரர்தான், தெலுங்கர், நல்ல மனுஷர். அக்காவைப் பார்த்து, "ஏமிடம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டார். அக்கா "எனுக்கு..." என்று ஆரம்பித்தாள். மாமாவின் கை நீண்டுவிட்டது. தெலுங்கில் பேசும்போது அவருடைய "அதாவது" "அன்ட்டே" ஆகிவிடும். "அன்ட்டே சார், பலவீனம். சரியா சாப்பிடறதில்ல. உபவாசம் உபவாசம்னு கிடக்கிறா. தலை சுத்துது." டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். நான் அரைகுறைத் தெலுங்கில் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். மாமா சிரித்துக்கொண்டே, "எங்க மச்சினிச்சி, பயந்துட்டா" என்று அதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் நடுரோட்டில் சண்டை போட்டேன்.

"பேச்சு நின்னுபோச்சுன்னு ஏன் மாமா சொல்லல?"

"மெதுவா பேசு லில்லி. பேச்சு நிக்குது, வாய் கோணுதுன்னு வெளிய தெரிஞ்சா பேய் புடிச்சிக்கிச்சுன்னுவாங்க, காக்கா வலிப்புன்னுவாங்க. நாளைக்கி கிரேஸுக்கு எவன் மாப்பிள்ளை வருவான்?"

"அதுக்காக டாக்டர்கிட்டயுமா மறைப்பீங்க?"

"டாக்டருக்குப் பொஞ்சாதி இருக்குதில்ல? அவங்களுக்குத் தெரிஞ்சா மாதர் சங்கத்துக்கே தெரிஞ்சா மாதிரி."

மகள் கிரேஸ் அப்போது பாவாடை கட்டிக்கொண்டிருந்த குழந்தை. அவளுக்கு எப்போதோ வரப்போகிற மாப்பிள்ளைக்காக அக்காவின் வாயில் இருந்த நோயை இவர் தன் வாய்க்குள் போட்டு முழுங்கிவிட்டார். வருஷக்கணக்கில் அக்கா டானிக் குடித்தாள். ஞாயிறு ஜெபத்தில், "சகோதரி சுகிர்தத்தின் தலைவலிக்காக" என்று விண்ணப்பம் வைப்பார். கடவுளிடமே நோயை மாற்றிச் சொன்ன மனுஷர்.

எண்பதுகளின் நடுவில் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில், தலைக்குள் ரத்தம் ஓடுவதைப் படம் பிடிக்கிற பெரிய பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அக்காவுக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பேச்சு நின்றுகொண்டிருந்தது. இந்த முறை நான் விடவில்லை. மாமாவும் விடவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அவர் இல்லாமல் எப்படி? மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிற கூட்டத்தைப் பார்த்து அக்கா சிரித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் கேட்டதும் மாமா "அன்ட்டே சார், பலவீனம்..." என்று தொடங்கினார். "அது இல்ல டாக்டர்!" என்று நான் கத்தினேன். தெரிந்த தெலுங்கையெல்லாம் கொட்டினேன், கை விழுவதை நடித்தே காட்டினேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள். அக்காவின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல வேணாம். படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

படம் எடுக்கிற இடத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பம்பாயிலிருந்து ஈயக் குடுவைக்குள் வைத்து ஒரு சாமான் வரும். அதற்குள் உப்புத் தண்ணீர் விட்டுத் தினமும் ஊசி மருந்தை இறக்கிக்கொள்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பசு. டெக்னீஷியன் நகரிக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். "கொஞ்சம் இருங்கம்மா, பசு கறந்துட்டு வந்துடறேன்" என்று அவர் சொன்னதும் அக்கா, "ஆண்டவரே, ஆஸ்பத்திரியில மாடா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவின் கை அதற்குள் நீண்டுவிட்டது. "அதாவது பால்ல இருந்து எடுக்கிற ஒரு மருந்து. நல்ல சத்து" என்று பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். ஒரு அம்மாள் தனக்கும் அந்தப் பால் ஊசி போடுவார்களா என்று கேட்டார். டெக்னீஷியன் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"பாலும் இல்ல, சத்தும் இல்ல சார். இந்த மருந்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும். ஊசி போட்டதும் ரத்தத்தோட தலைக்கு ஏறும். எங்க வேகமா போவுது, எங்க மெதுவா போவுதுன்னு பெட்டி பாத்துப் புள்ளி புள்ளியா வைக்கும். நேரா பாத்தா நாமம் போட்ட மாதிரி மூணு கோடு ஏறணும். ஏறுதா பாக்கலாம்."

கொண்டை ஊசி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அக்கா அவற்றை மாமாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமாவும் பின்னாலேயே போனார். கூட யாரும் வரக்கூடாது என்று டெக்னீஷியன் தடுத்தார். "அவளுக்குத் தெலுங்கு வராதே சார், ஏதாவது கேட்டா?" என்றார் மாமா. "எனக்குத் தமிழ் வருமே சார்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். கதவிலிருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமா, "அசையாத சுகிர்தா, அசையாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே ஒன்றும் கேட்டிருக்காது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, அதற்கு இவர் பதில் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஒரே தலை, சின்னச் சின்னக் கட்டங்களில், வரிசையாக. முதல் கட்டங்களில் தலையின் ஒரு பாதியில் புள்ளிகள் மொய்த்திருந்தன, மறு பாதி காலியாகக் கிடந்தது. மூன்று கோடுகளில் ஒன்றைக் காணவே காணோம். கடைசிக் கட்டங்களில், நிறைந்திருந்த பாதி வடிந்த பிறகு, அந்தக் காலிப் பாதியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா ரத்தம் ஏறணும். இவங்களுக்கு இடது பக்கம் ரொம்ப லேட்டா வருது. கழுத்துல குழாய் சுருங்கியிருக்கு. பேச்சு இருக்கிற பக்கம் அதுதான்" என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். "சீக்கிரம் மெட்ராசுக்குப் போங்க. ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாப்பாங்க. தள்ளிப் போடாதீங்க. முழுசா அடைச்சுக்கிட்டா பேச்சு திரும்பாது." அப்புறம் மாமாவைப் பார்த்து, "பலவீனம்னு சொன்னீங்களே" என்றார். மாமா கையிலிருந்த கொண்டை ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாடா, இனிமேலாவது அடங்குவார் என்று நினைத்தேன். வராந்தாவுக்கு வந்ததும் அக்கா, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள். "அதாவது பெருசா ஒண்ணும் இல்ல சுகிர்தா. ரத்தம் கொஞ்சம் மெதுவா ஓடுதாம். மாத்திரை எழுதியிருக்காரு" என்றார். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்க, நான் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "மெட்ராசுக்குப் போவணும்டீ. எனுக்கு பயமா இருக்குது" என்றாள்.

கிரேஸுக்கு அப்போது மாப்பிள்ளை பேசி, நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் அப்பா, அண்ணன், போதகர். நைனாதான் கேட்டார்: "இன்னாம்மா சுகிர்தா, நீ சொல்லு. இன்னா பண்ணலாம்?"

"மெட்ராசுக்கு நான்..." என்றாள் அக்கா.

"அதாவது அவ சொல்றது இன்னான்னா," என்றார் மாமா, "கண்ணாலம் முடிஞ்ச கையோட மெட்ராசுக்குப் போலாம்னு. டாக்டரும் அவசரமில்லன்னுதான் சொன்னாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள், கையெட்டுகிற தூரத்தில். அவள் சொல்ல வந்தது என்னவென்று அவளையே திரும்பக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பொய்! டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்னாரு!" என்று நான் எழுந்து நின்று கத்தினேன்.

"கத்தாத லில்லி" என்றார் நைனா. "அவரு டாக்டர்கிட்ட நேரா பேசினவரு."

"நானுந்தான் பேசினேன்!"

"உன் தெலுங்கு எனுக்குத் தெரியாதா?"

சிரித்தார்கள். போதகர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாரும் வேண்டாம், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். துணிமணி எடுத்து வைக்கிறேன் என்றாள். புதன்கிழமை காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்கடியில் அவளுடைய பை கட்டித் தயாராக இருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது.

ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "இல்ல."

கிரேஸின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளிடம் குனிந்து விசாரிக்க, மாமா பதில் சொன்னார். இப்போது யாரும் குறை சொல்ல முடியாது பாருங்கள்.

அவர் அக்காவைக் கைவிட்டுவிட்டார் என்றாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆபீஸில் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை வாரிக் கோணல் மாணலாகப் பின்னிவிட்டார். சேலை கட்டிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். ஊரே அவரைக் கொண்டாடியது. "உங்க அக்கா குடுத்து வெச்சவ" என்று என்னிடம் சொன்னார்கள்.

அதைவிடக் கொடுமை அந்தப் படம். வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வராந்தாவில் ஒன்றுமில்லை என்றாரோ, அதே படத்தை! "அதாவது இந்தப் பக்கம் ரத்தம் ஏறல பாருங்க" என்று டாக்டர் மாதிரி விரல் வைத்து விளக்குவார். நகரிக்காரர் நாமம் என்றாரே, அதுவும் மாமா வாயில் மாறிவிட்டது. "தலைக்குள்ள சிலுவை மாதிரி ஒரு வெளிச்சம் தெரியுது பாருங்க" என்பார். பார்த்தவர்கள் "ஸ்தோத்திரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

"எப்பிடி இருக்க சுகிர்தா?" என்று யாராவது கேட்பார்கள்.

"நல்லா இருக்கா" என்பார் மாமா.

"இல்ல" என்பாள் அக்கா.

"அது ஒண்ணுமில்ல. அதாவது டாக்டரே சொல்லிட்டாரு. இந்த நோவுல ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும், தானா வரும், அதுக்கு அர்த்தம் கெடையாதுன்னு."

டாக்டர் அப்படிச் சொன்னது நிஜம். நானே கேட்டேன். நானே சோதித்தும் பார்த்தேன். "உனுக்குப் பொண்ணு இருக்குதாக்கா?" என்றால் "இல்ல" என்றாள். "நான் லில்லிதான?" என்றாலும் "இல்ல" என்றாள். அன்றைக்குக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வருஷம் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகையின்போது, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல மாமாவைக் கூப்பிட்டார்கள். கோயில் நிறையக் கூட்டம். முன் வரிசையில் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா மேடையேறினார். வலது கை நீண்டது.

"அதாவது என் மனைவி கர்த்தருடைய சித்தத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்..."

"இல்ல" என்றாள் அக்கா.

யாரோ இருமினார்கள். மாமா அவள் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "கர்த்தர் அவள் தலைக்குள்ளேயே சிலுவையைக் காட்டினார்..."

"இல்ல."

வீட்டில் அவள் சொல்கிற "இல்ல" உதட்டிலிருந்து வழிகிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. நான் பிடித்திருந்த அவளுடைய தோள் இறுகியிருந்தது.

"எங்களால் ஆனதையெல்லாம் நாங்கள் காலாகாலத்தில்..." என்றார் மாமா.

"இல்ல! இல்ல!"

எல்லோரும் மாமாவின் "அதாவது"க்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. நீட்டியிருந்த கையை இறக்கினார். மேடையிலிருந்து இறங்கி, நேராக அக்காவிடம் வந்து தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷர், சபை பார்க்க.

"சொல்லு சுகிர்தா," என்றார். "நீயே சொல்லு. நான் பேசல."

அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காத்திருக்க வேண்டியவர். சித்தூர் டாக்டர் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கள் நைனா கேட்ட அன்றைக்குக் காத்திருக்க வேண்டியவர். இப்போது வந்து காத்திருக்கிறார்! எழுந்து அவரை அறைந்துவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

அக்கா அவரைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்து அசைந்து நின்றது. அப்புறம் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளிடம் இருந்த ஒரே வார்த்தையைத்தான் அவள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.